இருக்கன்குடியில் தைத்த கித்தான் கூண்டு

கீழக்கரைக்கும் இருக்கன்குடிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். முன்னது மன்னார் வளைகுடாவின் கரையில், முத்தும் சங்கும் குளித்தோரால் பெயர் பெற்ற எங்கள் ஊர். பின்னது விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூருக்குக் கிழக்கே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில், மாரியம்மன் கோயிலால் தென்னாடெங்கும் அறியப்பட்ட கரிசல் காட்டுச் சிற்றூர். அங்கே கடலும் இல்லை, படகும் இல்லை. ஆயினும் எங்கள் பாய்மர வள்ளத்திற்கு வேண்டிய ஒரு பொருளைத் தேடி அவ்வூருக்கு இரண்டு முறை சென்று வந்தோம். அந்தப் பயணத்தில் கண்டதையும் கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

என் மூத்த காக்காவுக்கு வயது அறுபத்து மூன்று. வாப்பாவின் காலத்திலிருந்தே கடல்தான் அவருடைய வாழ்வு. வள்ளங்கள் எல்லாம் எஞ்சினுக்கு மாறிவிட்ட பிறகும், சிறிய பாய்மர வள்ளம் ஒன்றை அவர் விடாமல் வைத்திருக்கிறார். பிள்ளைகள் வளைகுடா நாட்டிலிருந்து, "வாப்பா, இனிக் கடலுக்குப் போக வேண்டாம்" என்று தொலைபேசியில் மன்றாடுவார்கள். "நான் சம்பாதிக்கவா போகிறேன்? இரண்டு நாள் கரையில் இருந்தால் எனக்குக் காய்ச்சல் வருகிறது" என்பார் காக்கா.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில்தான் அது நடந்தது. கச்சான் காற்று வலுத்து வீசும் பருவம். அலையின் மேல் வள்ளத்தின் அணியம் மோதும்போதெல்லாம் உப்புநீர் வாரி இறைக்கும். அதைத் தடுப்பதற்காக, ஒரு நகரத்துக் கடையில் ஆயத்தமாகத் தொங்கிய நீல நிறப் பிளாஸ்டிக் விரிப்பை வாங்கி, அணியத்திற்குச் சற்றுப் பின்னே கூண்டுபோல் கட்டியிருந்தார் காக்கா. காற்றில் அது ஒரு பக்கம் அறுந்து, பறந்து வந்து அவருடைய முகத்தை மூடிவிட்டது. சுக்கான் கைநழுவியது. வள்ளம் பக்கவாட்டில் திரும்பி நீரை அள்ளியது. உடன் சென்ற என் மருமகன் விரைந்து பாயை இறக்கியதால் இருவரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். காக்காவின் கண்கள் சிவந்து வீங்கித் தெளிய நாட்கள் பல ஆயின.

அதன்பின் மதினி ஒரு சொல் சொன்னார்கள்: "ஒழுங்கான கூண்டு ஒன்று வையுங்கள், இல்லையானால் வள்ளத்தை விற்றுவிடுங்கள்." அந்தக் கூண்டைத் தேடும் பொறுப்பு என்னிடம் வந்தது.

மேலை நாட்டுப் பாய்ப்படகுகளில் இதனை ஸ்ப்ரே ஹூட் என்கிறார்கள். வளைத்த உலோகக் குழாய்களின் மேல் கெட்டித் துணியை இறுக்கிக் கட்டிய சிறு கூண்டு அது. முன்னிருந்து வரும் அலைநீர்த் தூவலை அது தடுக்கும். வேண்டாதபோது மடித்துச் சாய்த்துவிடலாம். ஒவ்வொரு படகின் உடலும் ஒவ்வொரு வளைவு கொண்டதாதலால், அந்தந்தப் படகிற்கென்றே அளவெடுத்துத் தைப்பார்கள்.

நம் கரையில் இதைத் தைப்பவர் யார்? என் சிறுவயதில் கடற்கரை நிழலில் அமர்ந்து பாய் தைத்துக்கொண்டிருந்த முதியவர்கள் இன்று இல்லை. அவர்களின் பிள்ளைகளும் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். அப்போதுதான் லாரி ஓட்டும் நண்பர் ஒருவர், சாத்தூரில் லாரிப் படுதா தைக்கும் ஒருவரைப் பற்றிச் சொன்னார். "வீடு இருக்கன்குடியில். கெட்டித் துணி அவர் கைக்குப் பேசும்" என்றார்.

வைகாசி மாதத் தொடக்கத்தில் மருமகனை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். சாயல்குடிவரை பனைமரங்கள் துணை வந்தன. விளாத்திகுளத்தில் வைப்பாற்றைக் கண்டோம். ஆறு நிறைய மணலே கிடந்தது. மேற்குமலைப் பக்கம் பிறந்து, சாத்தூரையும் இருக்கன்குடியையும் தொட்டு, விளாத்திகுளம் வழியாக வந்து மன்னார் வளைகுடாவில் கலக்கும் ஆறு இது. நாங்கள் தேடிச் செல்லும் ஊரின் நீரும் எங்கள் கடலுக்குத்தான் வந்து சேர்கிறது என்று மருமகனிடம் சொன்னேன்.

அங்கிருந்து மண் கறுத்தது. பருத்தியும் கம்பும் மிளகாயும் விளையும் கரிசல் பூமி. எட்டயபுரத்தில் இறங்கி, சீறாப்புராணம் தந்த உமறுப் புலவர் அடங்கியுள்ள இடத்தில் நின்று துஆச் செய்தோம். பிறகு கோவில்பட்டி வழியே சாத்தூர். ஒருகாலத்தில் பேனா முள்ளுக்கும், இன்றும் காராச்சேவுக்கும் வெள்ளரிக்கும் பெயர் பெற்ற ஊர். பள்ளிவாசலில் லுஹர் தொழுகையை முடித்துக்கொண்டு நகரப் பேருந்தில் இருக்கன்குடி சென்றோம்.

ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று இந்தச் சிற்றூரில் மனிதத் தலையன்றி வேறொன்றும் தெரியாதாம். பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் நடந்தும் வண்டி கட்டியும் வந்து, ஆற்று மணலில் தங்கி, அடுப்பு மூட்டிப் பொங்கலிடுவார்கள். நாங்கள் சென்ற நாளில் கூட்டம் குறைவு. மரத்தடியில் ஒரு குடும்பம் குழந்தைக்கு முடியிறக்கிக்கொண்டிருந்தது. தேங்காய்க் கடைகளுக்கு மேலே வெயில் மறைக்கக் கட்டியிருந்த படுதாக்கள் காற்றில் விம்மித் தணிந்தன. அவற்றுள் ஒன்று மட்டும் சற்றும் படபடக்காமல் முரசின் தோல்போல் விறைத்து நின்றது. "இது யார் தைத்தது?" என்று கேட்டேன். நாங்கள் தேடி வந்தவரின் வீட்டைத்தான் கடைக்காரர் காட்டினார்.

அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். முற்றத்து வேப்பமரத்தடியில் கனத்த தையல் இயந்திரம். சுற்றிலும் துணிச் சுருள்கள். "வாங்க பாய்" என்று எழுந்து வரவேற்றார். காக்கா எழுதிக் கொடுத்த அளவுச் சீட்டை நீட்டினேன். நீளம், அகலம், உயரம் மூன்றும் அதில் இருந்தன. ஒருமுறை பார்த்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார்.

"இதை வைத்து நான் தைக்க மாட்டேன், பாய்" என்றார்.

எனக்கு முகம் வாடியது. பேருந்து மாறி மாறி வந்த களைப்பு வேறு. "முன்பணம் தருகிறேன், அண்ணாச்சி" என்றேன்.

"பணம் கிடக்கட்டும். சுக்கான் பிடிக்கிறவர் உட்கார்ந்தால் அவர் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கும்? பாயை மறுபக்கம் மாற்றும்போது கட்டை எதன் மேல் சுற்றி வரும்? நீர் நேர் முன்னிருந்து வருகிறதா, ஓரத்திலிருந்தா? துணியை எதில் கட்டுவீர்கள்? திடீரென்று காற்று ஏறினால், ஒரே ஆள் ஒரு கையால் இதை அவிழ்க்க முடியுமா?"

ஐந்து கேள்விகள், ஒன்றுக்கும் எங்களிடம் சரியான விடை இல்லை. கடலைக் கண்டறியாத மனிதர் இவற்றை எப்படி அறிந்தார் என்று வியந்தேன். அவரே சொன்னார். "எங்கள் பக்கம் துணி கேட்டு வருகிறவர்களில் பட்டாசு ஆலைக்காரர்களும் உண்டு. எதற்கு என்று கேட்காமல் கிழித்துக் கொடுத்துவிட முடியாது. நைலான், பாலியெஸ்டர் வகைத் துணி உராய்ந்தால் மின்பொறி எழும். மருந்து இருக்கும் இடத்தில் பருத்திதான் ஆகும். ஒரு பொறியின் விலை எங்கள் ஊர்களுக்குத் தெரியும்."

2012 செப்டம்பரில் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரியில் சாத்தூருக்கு அருகே அச்சங்குளத்திலும் நேர்ந்த வெடி விபத்துகளை நாளிதழில் படித்து மறந்தவர்கள் நாம். அவற்றின் நடுவே வாழ்கிறவர் அவர். தைக்கும் முன் கேட்பதென்னும் பழக்கம் அவருக்கு அங்கிருந்து வந்திருக்கிறது.

அஸர் நேரம் ஆயிற்று. தொழுவதற்கு இடம் கேட்டேன். அவருடைய மனைவி திண்ணையைக் கூட்டி, அன்று வந்த புதுக் கித்தான் சுருளிலிருந்து ஒரு பாகத்தை விரித்துவிட்டு விலகி நின்றார்கள். அந்தத் துணியின் மணம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

கித்தான் என்னும் சொல்லே அரபுச் சொல்லின் வழி வந்தது. ஆளிச்செடியின் நாரையும் அதில் நெய்த துணியையும் அரபியர் 'கத்தான்' என்பர். படுதாவோ பாரசீகத்துப் 'பர்தா'. வணிகத்தின் வழியாக நம் மொழிக்கு வந்த இவ்விரு சொற்களும் கரிசல் காட்டுத் தையற்காரர் வீட்டு முற்றத்தில் அன்றாடம் புழங்குவதைக் கேட்டு மகிழ்ந்தேன்.

புறப்படும்போது அவர் ஒரு வழி சொன்னார். "மூங்கில் பிளாச்சை வளைத்து வள்ளத்தில் கட்டுங்கள். மேலே பழைய உரச்சாக்கைப் பிரித்து இழுத்துக் குத்துங்கள். அவரை உட்கார வைத்துப் பாருங்கள். பாயை இருபக்கமும் மாற்றிப் பாருங்கள். தட்டுகிற இடத்தில் வெட்டுங்கள். எட்டாத இடத்தில் ஒட்டுப் போடுங்கள். எல்லாம் சரியான பிறகு, நடுக்கோடும் முன்பக்கமும் எழுதி, அந்தச் சாக்கை அப்படியே கொண்டுவாருங்கள். அதுதான் அளவு."

பத்து நாள் அதையே செய்தோம். அப்போதுதான் எங்கள் தவறு விளங்கிற்று. காக்கா சீட்டில் எழுதிய உயரம், அவர் நின்றுகொண்டு கணக்கிட்டது! உட்கார்ந்தால் கூண்டு அவருடைய பார்வையை முழுதும் மறைத்தது. மேலும், பாய் மாற்றும்போது பருமலின் அடிமுனை அணியத்தின் மேல் சுற்றி வரும். சீட்டு அளவில் தைத்திருந்தால் முதல் நாளே துணியைக் கிழித்திருக்கும். கூண்டை ஒரு சாண் தாழ்த்திப் பின்னுக்குத் தள்ளினோம். உரச்சாக்கு ஒட்டுமேல் ஒட்டாகப் பக்கீரின் அங்கிபோல் ஆயிற்று.

இரண்டாம் பயணத்தில் காக்காவும் வந்தார். சாக்கை முற்றத்தில் விரித்ததும், தையற்காரர் முகம் மலர்ந்தது. இருவரும் நெடுநாள் பழகியவர்கள்போல் பேசத் தொடங்கிவிட்டார்கள். எந்தத் துணி என்பதில்தான் வாதம். வாசகர்களுக்கும் பயன்படுமென்று அதன் சாரத்தைத் தருகிறேன்.

மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு வெயிலில் நைந்து நார்நாராகும். பிளாஸ்டிக் பூசிய கனத்த துணி நீரை முற்றும் தடுக்கும். ஆனால் மடித்த இடத்தில் நாளடைவில் வெடிக்கும். பருத்திக் கித்தான் நனைந்தால் நூல் உப்பி, கண் அடைத்துக்கொள்ளும். ஆனால் கனக்கும், ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். நூலிலேயே சாயம் ஏற்றி நெய்யும் அக்ரிலிக் துணியைத்தான் மேலை நாட்டுப் படகுகளில் மிகுதியும் பயன்படுத்துகிறார்கள்; வெயிலைத் தாங்கும், விலைதான் கூடுதல். காக்கா விலை உயர்ந்ததையே கேட்டார். தையற்காரர் மறுத்தார். "நாள்தோறும் கழற்றி உலர்த்துகிறவர் நீங்கள். மெழுகு ஏற்றிய பருத்தியே உங்களுக்குப் போதும். கிழிந்தால் உங்கள் கையாலேயே தைத்துக்கொள்ளலாம்" என்றார். விலை உயர்ந்ததை விற்றிருந்தால் அவருக்கு ஆதாயம். அதை அவரே வேண்டாமென்றார்.

தைத்த முறையையும் அருகிருந்து கண்டோம். ஓட்டுக்கூரையில் மேலோடு கீழோட்டின் மீது படிவதுபோல், மேல்துணியின் ஓரம் கீழ்துணியின் மேல் மடிந்து இரட்டைத் தையலாக இறங்கியது. நீர் வழிந்து ஓடுமேயன்றித் தையலுக்குள் புகாது. துருப்பிடிக்கும் இரும்பு வளையங்களை ஒதுக்கிவிட்டுப் பித்தளைக் கண்களைப் பதித்தார். ஓரங்களை நேராக வெட்டாமல் உள்வாங்கி வெட்டினார். அப்போதுதான் கட்டும்போது துணி விறைக்குமாம். "துணியைக் கொல்வது காற்றில்லை, படபடப்புத்தான்" என்றார். பின்பக்கக் கயிறுகள் இரண்டையும் ஒரே சுருக்கில் சேர்த்தார். அந்த நுனியை இழுத்தால் கூண்டு முழுவதும் முன்னே சாய்ந்துவிடும். அறுந்து முகத்தில் வந்து விழாது. காக்கா அந்தச் சுருக்கை ஏழெட்டு முறை இழுத்து இழுத்துப் பார்த்தார். அவர் எதை நினைத்துக்கொண்டார் என்பது எனக்குத் தெரியும்.

துணி, துருவேறா எஃகுக் குழாய், கூலி எல்லாம் சேர்த்து 4,800 ரூபாய் ஆயிற்று. மிஞ்சிய துணியைச் சுருட்டிக் கொடுத்து, "இதுவும் உங்கள் காசில் வாங்கியது" என்றார் தையற்காரர். அளவையும் நிறுவையையும் நேராக வைக்கும்படி நமக்கு இடப்பட்ட கட்டளையை அந்த முற்றத்தில் நினைத்துக்கொண்டேன்.

ஆடி பிறந்தது, கச்சான் எழுந்தது. ஒரு காலை நானும் வள்ளத்தில் ஏறினேன். கரையைத் தாண்டியதும் முதல் அலை அணியத்தில் மோதி வெள்ளையாகச் சிதறியது. கூண்டின் மேல் சடசடவென்று விழுந்து இருபுறமும் வழிந்தது. துணி அசையவில்லை. அதன் விளிம்புக்கு மேலே காக்காவின் கண்கள் இமைக்காமல் தொலைவை நோக்கியிருந்தன.

மாலையில் திரும்பியபோது மதினி வாசலில் நின்றார்கள். காக்காவின் சட்டையைத் தொட்டுப் பார்த்தார்கள், உலர்ந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்று தேநீர் கொண்டுவந்தார்கள். வள்ளத்தை விற்கும் பேச்சு அதன்பின் எங்கள் வீட்டில் எழவில்லை.

அடுத்த மாதம் இன்ஷா அல்லாஹ் அந்தத் தையற்காரர் குடும்பத்தோடு கீழக்கரை வருகிறார். தாம் தைத்த கூண்டின் பின்னே அமர்ந்து கடலைப் பார்க்க வேண்டுமாம்.