மகள் கேட்ட சத்தம்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வரை காற்றில் ஈரம் நிறைந்துவிடும். அத்தகைய ஆடி மாதமொன்றில், ஃபஜ்ருக்குப் பின் நமது பழைய காரை இயக்கும்போதெல்லாம் முன்புறத்திலிருந்து கீச்சென்று ஓர் அலறல் எழுந்தது. சில நிமிடங்களில் தானே அடங்கியது. "அத்தா, வண்டி என்னமோ சொல்லுது" என்றாள் மகள். நாமோ கிராஅத் ஒலிப்பதிவின் சத்தத்தைக் கூட்டி வைத்தோம்.

ஒரு வாரம் கழிந்தது. ஐந்தருவியிலிருந்து குடும்பத்துடன் திரும்புகையில் மழை பிடித்தது. மக்ரிப் நேரமும் நெருங்கியது. ஹெட்லைட்டையும் வைப்பரையும் போட்டதும் அலறல் மீண்டது. பேட்டரியின் சிவப்பு விளக்கு எரிந்தது; ஹெட்லைட் மங்கியது. பின்னிருக்கையில் வயது முதிர்ந்த தாயார். தென்காசி வந்து சேரும்வரை நம் நாவில் திக்ரைத் தவிர வேறொன்றுமில்லை.

மறுநாள் மெக்கானிக் விளக்கினார். எஞ்சினின் சுழற்சியை ஆல்டர்னேட்டருக்குக் கொண்டுசெல்வது ஒரு பெல்ட். விளக்கும் வைப்பரும் இயங்கும்போது ஆல்டர்னேட்டரின் சுமை கூடும்; தளர்ந்த பெல்ட் புல்லியில் வழுக்கி அலறும்; பேட்டரிக்குச் சார்ஜ் குறையும். ஓடும் எஞ்சினில், கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, பெல்ட்டின் மீது சிறிது நீர் தெளித்தார். சத்தம் கூடியது.

"கூடுனா பெல்ட் லூசு, ஹஜ்ரத். கொஞ்சம் அடங்கித் திரும்ப வந்தா புல்லி நேரா இல்ல. மாறவே இல்லன்னா பேரிங்கப் பாக்கணும்."

எஞ்சினை நிறுத்திப் பார்த்தபோது பெல்ட்டின் உட்புறம் பளபளத்து, விரிசல் கண்டிருந்தது. ஓடும்போது 14 வோல்ட் அளவில் இருக்கவேண்டிய மின்னழுத்தம் 12.3 தான் காட்டியிருந்தது. "சோப்புத் தடவினால் போதாதா?" என்றோம்.

"சத்தம் அடங்கும். கோளாறு அப்படியே கெடக்கும்."

புதிய பெல்ட்டை அளவாக இறுக்கினார். மிகுந்து இறுக்கினால் பேரிங் கெடுமாம்.

வீடு திரும்பும் வழியில் மனம் உறுத்தியது. கேட்டுச் சிந்திப்பதற்கென அருளப்பட்ட வேதத்தின் ஓசையை, ஒன்றைக் கேளாதிருப்பதற்குத் திரையாக்கியிருந்தோம். நஸீஹத்தை ஏற்கும் பண்பை மதரஸாவில் பாடம் நடத்தும் நாம், அது பத்து வயது மகளின் வாயிலிருந்து வந்ததால் செவிசாய்க்கவில்லை. அன்றிரவு அவளிடம் மன்னிப்புக் கேட்டோம்.

"இனிமே சத்தம் கேட்டாச் சொல்லட்டுமா, அத்தா?"

"கட்டாயம் சொல்லும்மா. வண்டியில மட்டுமில்ல, அத்தாட்ட கேட்டாலும் சொல்லு."

இப்போதெல்லாம் வண்டியை இயக்கியபின், பிஸ்மில்லாஹ் கூறி, ஒரு நிமிடம் எதையும் ஒலிக்கவிடாமல் காத்திருக்கிறோம். அவள் தலையசைத்த பின்னரே கிளம்புகிறோம்.