பஸ் வந்தது சார்!

காதலில் தோற்றவனெல்லாம் கதை எழுத உட்கார்ந்தால் நாட்டில் பேப்பர் பஞ்சம் வந்துவிடும். தெரிந்திருந்தும் போன மாசம் நானும் உட்கார்ந்தேன்.

பி.காம். முடித்த கையோடு அருப்புக்கோட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் எனக்கு வேலை. தினமும் பரளச்சியிலிருந்து காலை பஸ்ஸில் படிக்கட்டுப் பயணம். ஆபீஸில் எனக்கு ஜோடியாக ஒரு பெண். 'ஜோடி' என்றதும் நிமிர்ந்து உட்காராதீர்கள். வவுச்சர் சரிபார்க்க ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் தேதியும் தொகையும் வாசிக்கணும். இன்னொருத்தர் பேரேட்டில் பச்சை மையால் டிக் அடிக்கணும். அவள் வாசிப்பாள், நான் டிக் அடிப்பேன். மூணு வருஷம் இப்படியே ஓடிச்சு. "ஏற்றுக்கூலி நானூத்தி அம்பது" என்று அவள் வாசித்தால் எனக்கு இளையராஜா பாட்டு மாதிரி கேட்கும். நிலைமை முத்திப் போச்சுன்னு புரியுதில்ல?

ஒரு மார்ச் கடைசியில் அவள் சொன்னாள்: "வீட்டுல பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து அப்பாவைப் பாருங்க."

நான் போகவில்லை. பஸ் வரலைன்னு திங்கட்கிழமை சொன்னேன். பஸ் வந்தது சார்! நான்தான் ஸ்டாப் டீக்கடையில் உட்கார்ந்து, சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே அது தூசி கிளப்பிக்கொண்டு போறதை வேடிக்கை பார்த்தேன். எங்கப்பா என்ன சொல்வாரோ என்கிற பயம். அவள் ஒண்ணும் கேட்கவில்லை. "சரி" என்று அடுத்த வவுச்சரை எடுத்தாள். ஜூன் மாசம் வேலையை விட்டுப் போனாள்.

இதைத்தான் கதையாக்கினேன். பேரை மாத்தினேன், ஊரை மாத்தினேன், பஸ்ஸை ரயிலாக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தப்பையும் மாத்தினேன். வெளிநாட்டு மாப்பிள்ளை வந்ததும் கதாநாயகி மனசு மாறிவிடுகிறாள். கதாநாயகன் கரிசல்காட்டில் நின்று கண்ணீர் விடுகிறான்!

வீட்டம்மாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கேட்டாள்: "அந்தப் பொண்ணு என்ன ஊமையா? பன்னெண்டு பக்கத்துல ஒரு வார்த்தை பேசலையே?"

அந்த வாரம் எங்கள் பக்கத்துக் கோயில் பொங்கலுக்கு 'வள்ளி திருமணம்' நாடகம். விடிய விடியப் பார்த்தேன். நாரதர் ஒண்ணு கேட்டால் வள்ளி ரெண்டாகத் திருப்பிக் கொடுக்கிறாள். வள்ளி வாயைத் திறக்காவிட்டால் பாதி ராத்திரியிலேயே ஜனம் பாயைச் சுருட்டிக்கொண்டு போயிருக்கும்.

இந்த நாடகத்தில் ஜோடி சேர்ந்து ஒரு காலத்தில் ஜனங்களைக் கட்டிப் போட்டவர்கள் கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும். மேடையில் ஒவ்வொரு தடவையும் கல்யாணத்தில் சுபமாக முடியும். நிஜத்திலும் 1927-ல் கல்யாணம் நடந்தது. சுபம் மட்டும் நிலைக்கவில்லை. மனஸ்தாபம், பிரிவு. 1933 டிசம்பரில் கிட்டப்பா 27 வயசில் காலமானார். சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறினார். ஆண் நடிகரோடு ஜோடி சேருவதில்லை என்று இருந்தவர், 1935-ல் லட்ச ரூபாய் சம்பளத்தில் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னால் அச்சிலும் வந்தன. பாசமும் இருக்கு, கோபமும் இருக்கு. அதாவது, அவர் பக்கத்து வவுச்சர் பத்திரமாக இருக்கிறது!

என் கதையில் அதுதான் இல்லை. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பது பி.காம். முதல் வருஷப் பாடம். நஷ்டம் முழுவதையும் அவள் பேரில் எழுதிவிட்டு, கீழே நானே கையெழுத்துப் போட்டிருந்தேன். இப்படி ஒரு கணக்கை எங்கள் ஆடிட்டரிடம் நீட்டியிருந்தால் மூஞ்சியிலேயே விட்டெறிந்திருப்பார்.

மறுபடி எழுதினேன். அந்தத் திங்கட்கிழமைக்கு வந்ததும் கதாநாயகியைப் பேச விட்டேன். அவள் நிமிராமல் சொன்னாள்: "பஸ் வந்துச்சுங்க. அந்தக் கண்டக்டர் எங்க தெருதான்."

பேனா நின்றுவிட்டது. நிஜத்திலும் அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும். தெரிந்தும், மேற்கொண்டு ரெண்டு மாசம் என் பொய்க்கு எதிரே உட்கார்ந்து வவுச்சர் வாசித்திருக்கிறாள். இத்தனை வருஷமாய் இது எனக்குத் தோணவே இல்லை.

ஆபீஸ் டேபிளுக்கு அடியில் வைத்துக் கதை எழுதும் தம்பிமார்களே! பேரை மாத்துங்க, ஊரை மாத்துங்க, அந்தப் பெண் யாரென்று ஒருத்தருக்கும் தெரியாதபடி சேலைக் கலரைக்கூட மாத்துங்க. தப்பை மட்டும் பேரேட்டில் பக்கம் மாத்தி எழுதாதீங்க.

புதுக் கதையை வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திண்ணையில் போய்ப் பதுங்கினேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் உள்ளேயிருந்து குரல் வந்தது:

"அன்னிக்கு மட்டும் நீங்க அந்த பஸ்ல ஏறித் தொலைச்சிருந்தா, நான் தப்பிச்சிருப்பேன்!"