எதோடயும் ஒட்டாத சோடியம்

கெமிஸ்ட்ரினு சொன்னதும் ஓடிடாதீங்க மக்களே, பரீட்சை எல்லாம் வைக்க மாட்டேன் :) தனிம வரிசை அட்டவணையில் இடமிருந்து வலம் போனால் அணு ஆரம் குறையும், மேலிருந்து கீழே போனால் கூடும்னு பிளஸ் டூவுல எல்லாரும் மனப்பாடம் பண்ணியிருப்போம். அந்த ரெண்டு மார்க் கேள்விக்கும் எங்க அப்பிச்சி தோட்டத்துக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு. அதைத்தான் சொல்லப் போறேன்.

அட்டவணையோட இடது ஓரத்துல சோடியம். அதுக்குப் பக்கத்துல மெக்னீசியம், மெக்னீசியத்துக்குக் கீழே கால்சியம். சோடியத்தோட வெளிக்கூட்டுல ஒரே ஒரு எலக்ட்ரான். அதைப் பிடுங்க மோலுக்கு 496 கிலோஜூல் போதும். அடுத்ததைப் பிடுங்கணும்னா 4562! உள்கூட்டுலயே கை வைக்கணும் இல்லீங்களா? அதனால சோடியம் எப்பவும் ஒத்தை பிளஸ்தான். கால்சியத்துக்கு முதல் எலக்ட்ரானுக்கு 590, ரெண்டாவதுக்கு 1145. ரெண்டையும் குடுத்துட்டு இரட்டை பிளஸ்ஸா நிக்கும்.

சோடியத்துல இருந்து கால்சியத்துக்குப் போகணும்னா ஒரு படி வலது, ஒரு படி கீழே. வலது போனா சுருங்கும், கீழே போனா பெருக்கும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு, அயனி ஆரம் கிட்டத்தட்ட சமமா வந்து நிக்குது. சோடியம் 102 பிக்கோமீட்டர், கால்சியம் 100. ஆள் ஒரே சைஸு, மின்சுமை மட்டும் ரெண்டு மடங்கு. எல்லா வித்தியாசமும் இங்கதான் ஆரம்பிக்குது.

போர்த்தண்ணி ஊத்துற ஹீட்டர்ல வெள்ளையா கல்லு மாதிரி படியுமே, அது கால்சியம் கார்பனேட். ரெண்டு பக்கமும் இரட்டை மின்சுமை, அதனால பிடி இறுகி தண்ணியை விட்டு வெளியே வந்துடும். சோடியம் கார்பனேட் அப்படி இல்லை. அதுதான் சலவை சோடா, அழகா கரையும். சோடியத்தோட உப்புகள்ல அனேகமா எல்லாமே இப்படித்தான். யாரோடயும் ஒட்டாது, எங்கயும் படியாது.

இந்தக் குணம்தான் சாயப்பட்டறைக்கு வேணும். தண்ணிக்குள்ள பருத்தி நூல் மைனஸ், சாயமும் மைனஸ். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தள்ளும். நடுவுல நின்னு சமாதானம் பண்ண உப்பு போடுறாங்க. அடர்ந்த கலர்னா லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலயும் போகும். (கடல் தண்ணியிலயே சுமார் 35 கிராம்தான்!) கால்சியம் உப்பு போட்டா அடுத்து போடுற சோடாவோட சேர்ந்து கல்லா படிஞ்சு காரியமே கெட்டுடும்.

சரி, வேலை முடிஞ்ச உப்பு எங்க போகும்? கழிவுத்தண்ணியில சுண்ணாம்பு போட்டா கலர் படியும், சோடியம் படியாது. பார்க்கத் தெளிவா இருக்கும், வாயில வெச்சா உப்பு. அந்தத் தண்ணி நொய்யல்ல இறங்குச்சு. சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்துல 1992ல பாசனத்துக்குன்னு கட்டின அணையில வந்து தேங்குச்சு. தண்ணியைத் திறந்து விடாதீங்கன்னு விவசாயிகளே கேட்டாங்கன்னா நிலைமையைப் பார்த்துக்கங்க. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிருச்சு. அப்புறம் சவ்வூடு வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி உப்பைத் திரும்ப எடுத்தாத்தான் ஓட்ட முடியும்னு ஆச்சு. படிய வைக்க முடியாததைக் காய்ச்சித்தானே எடுக்கணும்? கரண்டும் விறகும் செலவாகுறது இதுக்குத்தான்.

ஏற்கெனவே மண்ணுல ஏறினது? களிமண் துகளும் மைனஸ்தான். கால்சியம் இருந்தா துகள்களை இறுக்கிப் பிடிச்சு பொலபொலன்னு வெச்சிருக்கும். ஒத்தை பிளஸ் சோடியம் வந்து உக்காந்தா பிடி விட்டுப் போகும். துகள் பிரிஞ்சு கண்ணை அடைச்சுக்கும், தண்ணி உள்ளே இறங்காது, காஞ்சா பாறை. இதுக்குப் பேர்தான் களர். உவர் வேற, களர் வேறன்னு நம்ம ஆளுங்க எப்பவோ பிரிச்சு வெச்சிருக்காங்க.

அப்பிச்சி தோட்டம் அந்த அணைக்குக் கீழதான் இருக்கு. வித்துடலாம்னு மாமா சொல்றாரு, அப்பிச்சி பிடிவாதமா மாட்டேங்கறாரு. களருக்கு ஜிப்சம் போடுறது வழக்கமான வைத்தியம். ஜிப்சம்ங்கறது கால்சியம் சல்பேட். அதே சைஸு ஆளு, ரெண்டு மடங்கு பிடி. சோடியத்தை எழுப்பி விட்டுட்டு அந்த இடத்துல உக்காந்துக்கும். எழும்பின சோடியம் எதோடயும் ஒட்டாதே, நல்ல தண்ணி கிடைச்சா கரைஞ்சு போயிடும். கெடுத்த குணமே காப்பாத்தவும் செய்யும். ஆனா அந்த நல்ல தண்ணி மழையாத்தான் வரணும்.

போன ஐப்பசிக்கு முன்னால அரை ஏக்கர்ல மட்டும் போட்டுப் பார்த்தோம். சோளத்தட்டு முழங்கால் உசரம் வந்துச்சு. அங்கங்க சொட்டைதான், ஆனா வந்துச்சு. மாமா இந்த வருசம் விலை பேச்சை எடுக்கலை. உங்க ஊர்ப்பக்கம் யாராவது களரை மீட்டிருந்தா எத்தனை மழை ஆச்சுன்னு சொல்லுங்க. அப்பிச்சிக்கு எண்பத்தி ரெண்டு ஆச்சு, அவரு கேக்குறது அது ஒண்ணைத்தான்.