படம் தெளிவு, முகம் எங்கே?

டெலிபோன் என்பது பேசுவதற்காக ஏற்பட்ட கருவி என்று இன்னமும் நம்பிக் கொண்டிருப்பவர் யாரேனும் இருந்தால், அவர் ஒரு நாள் மாலை ஏதாவது ஒரு கைபேசிக் கடைக்குள் நுழைந்து, கால் மணி நேரம் ஓரமாக நின்று பார்க்கும்படி கேட்டுக் கொள்கிறோம். அங்கே வருகிறவர்களில் ஒருவராவது, "இதில் பேசினால் மறுமுனைக்குத் தெளிவாகக் கேட்குமா?" என்று விசாரிப்பதில்லை. "காமிரா எப்படி?" என்பதே முதற் கேள்வி. கடைப் பையனும் பதிலை நாக்கு நுனியில் வைத்திருக்கிறான். "இருநூறு மெகாபிக்ஸல், ஸார்!" என்கிறான். கேட்டவருடைய முகம் மலர்கிறது. வியாபாரம் முக்கால்வாசி முடிந்த மாதிரிதான்.

இந்த மெகாபிக்ஸல் என்னும் மந்திரச் சொல்லின் பொருள் என்ன? ஒரு மெகாபிக்ஸல் என்றால் பத்து லட்சம் புள்ளிகள். 2000-ம் ஆண்டில் ஜப்பான் தேசத்தில் ஷார்ப் கம்பெனியார் விற்ற காமிராக் கைபேசியில் 1 லட்சத்து 10 ஆயிரம் புள்ளிகளே இருந்தன. இன்று 20 கோடிப் புள்ளிகள் வந்துவிட்டன. வளர்ச்சி பிரமாதம் என்பதில் ஆக்ஷேபணை இல்லை. ஆனால் அந்த 20 கோடியும் குடியிருக்கும் இடம் எவ்வளவு பெரியது தெரியுமா? ஏறக்குறைய நம் கட்டைவிரல் நகத்தளவுதான்!

மழை பெய்யும்போது தாழ்வார ஓரத்தில் பாத்திரங்களை வரிசையாக வைத்துத் தண்ணீர் பிடிப்பதை நேயர்கள் பார்த்திருக்கலாம். இடம் அதே இடம். மழையும் அதே மழை. அங்கே நாலு அண்டாக்களை வைத்தாலும், நாற்பது செம்புகளை வைத்தாலும், விழுகிற தண்ணீர் கூடிவிடப் போவதில்லை. வெளிச்சமும் அப்படித்தான். புள்ளிகள் பெருகப் பெருக ஒவ்வொரு புள்ளியின் வாயும் குறுகுகிறது. நல்ல வெயிலில் அது தெரியாது. விளக்கு வைக்கிற நேரத்தில் தெரிந்துவிடும். ஆகவேதான் 20 கோடிப் புள்ளிக் கைபேசிகூடச் சாதாரணமாகப் படம் எடுக்கும்போது, பதினாறு பதினாறு புள்ளிகளாகச் சேர்த்து, 1 கோடியே 25 லட்சம் புள்ளிகள் உள்ள படத்தையே நமக்குத் தருகிறது. அதுவே தாராளம். 4000 புள்ளி நீளமும் 3000 புள்ளி அகலமும் உள்ள படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால், 13 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் வரும். கைபேசியின் கண்ணாடியிலேயே பார்ப்பதானால், பெரும்பாலான கைபேசிகளில் அங்கே தெரியக்கூடிய புள்ளிகள் சுமார் 26 லட்சந்தான். மற்றவையெல்லாம் கலியாண வீட்டில் பந்தலுக்கு வெளியே நிற்கும் கூட்டம் போன்றவை.

எனவே, எண்ணிக்கையைக் கேட்பதை விட்டு, நாலு இடத்தில் படம் எடுத்துப் பார்ப்பதே மேல். நமது தமக்கையின் பெண் ஒருத்தி கைபேசி வாங்குவதற்கு நம்மை யோசனை கேட்டபோது, நாம் அதைத்தான் சொன்னோம். அவளும் தன் தோழிகளிடமிருந்து மூன்று கைபேசிகளை இரவல் வாங்கி வந்தாள். ஒரு மாலைப் பொழுதில் மயிலாப்பூர்க் குளக்கரைக்கு அவளுடன் போனோம்.

அந்தி நேரத்தை நாம் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நடுப்பகலில் எந்தக் காமிராவும் கெட்டிக்காரக் காமிராதான். வானத்தில் நீலம் மிச்சமிருந்து, கீழே தெரு விளக்குகள் எரியத் தொடங்கி, பூக்கடையில் மஞ்சள் பல்பும் கற்பூரத் தட்டில் செந்தீயும் சேர்ந்திருக்கும் வேளையில்தான் அவற்றின் சாயம் வெளுக்கும். ஒரு கைபேசி மல்லிகைப்பூவை மஞ்சளாக்கிற்று. மற்றொன்று கோபுரத்துப் பொம்மைகளை ஒன்றோடொன்று குழைத்துக் களிமண் ஆக்கிற்று. மூன்றாவது, இரவையே பகலாக்கி விட்டது! வானம் கறுத்துவிட்டது என்று நம் கண் சொல்ல, இல்லையென்று யந்திரம் சாதித்தது.

இது எப்படி நிகழ்கிறது? பழைய காமிராவில் பொத்தானை அழுத்தினால் ஒரு படம் விழும். இக்காலக் கைபேசியோ, ஒரு முறை அழுத்துவதற்குள் பல படங்களைச் சடசடவென்று எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கறுத்த இடத்தை வெளுத்து, வெளுத்த இடத்தை அடக்கி, ஒரே படமாகச் சமைத்துத் தருகிறது. 2013-ல் கூகிள் கம்பெனியார் இம்முறையைத் தங்கள் கைபேசியில் புகுத்தினர். இன்று அநேகமாக எல்லாரும் கையாளுகிறார்கள். இதனால் விளைந்த நன்மை பெரிது. ஜன்னலுக்கு முன் நிற்பவருடைய முகம் கரிக்கட்டை ஆகாமல் தப்பிப்பது இதனால்தான். ஆனால் சமையல் என்று வந்துவிட்டால் சமையற்காரனின் ருசியும் வந்துவிடுகிறது அல்லவா? உப்பும் காரமும் அவன் இஷ்டம்.

அடுத்தபடியாக, நடுக்கத்தைப் போக்கும் வித்தை. தலையில் தண்ணீர்க் குடத்துடன் நடக்கும் பெண்ணைப் பாருங்கள். இடை அசைகிறது, கால் மேடுபள்ளத்தில் ஏறி இறங்குகிறது, குடம் மட்டும் அசைவதில்லை. அதே வேலையைத்தான் கைபேசிக்குள் இருக்கும் ஒரு சிறு கருவி செய்கிறது. கை எந்தப் பக்கம் ஆடுகிறது என்பதை உணர்ந்து, மின்காந்தத்தின் சக்தியால் லென்ஸை எதிர்ப்பக்கம் நகர்த்துகிறது. மற்றொரு முறை, லென்ஸைத் தொடாமல், எடுத்த படத்தின் ஓரங்களை வெட்டி, ஆட்டத்தைக் கணக்கால் சரிப்படுத்துவது. இது சலனப் படத்துக்கு உதவும். ஆனால் காட்சியின் அகலம் சற்றுக் குறையும். முந்திய முறை விலை கூடிய கைபேசிகளில் இருக்கும். பெட்டியின் மேல் "நடுக்கமின்மை" என்று போட்டிருந்தால், எந்த முறை என்று விசாரித்துக் கொள்வது நலம்.

இவ்விஷயத்தில் விளம்பரத்தை நம்பக் கூடாது என்பதற்கு ஒரு கதை உண்டு. 2012-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், நோக்கியா கம்பெனியார் லூமியா 920 என்ற கைபேசியை வெளியிட்டார்கள். ஒரு பெண் சைக்கிளில் போகிறாள். பக்கத்திலேயே சைக்கிளில் போகும் நண்பர் அவளைக் கைபேசியில் படம் பிடிக்கிறார். படம் துளியும் ஆடவில்லை! கண்டவர் வியந்தனர். ஆனால் வழியில் ஒரு வண்டியின் ஜன்னல் கண்ணாடி இருந்தது. அதில் பெரிய காமிரா ஒன்றைத் தூக்கிப் பிடித்த மனிதரின் நிழல் தெளிவாக விழுந்திருந்தது. கம்பெனியார் மன்னிப்புக் கேட்டுக் கொண்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கைபேசியில் லென்ஸ் நகரும் கருவி மெய்யாகவே இருந்தது. நன்றாகவே வேலை செய்தது. பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தக் கருவி நம் கையின் நடுக்கத்தைத்தான் போக்கும். எதிரே ஓடுகிறவரை நிறுத்தாது. கூடத்தில் ஓடியாடும் இரண்டு வயதுக் குழந்தையை மாலை வேளையில் படம் எடுத்துப் பாருங்கள். சுவர் தெளிவாக விழும். நாற்காலி தெளிவாக விழும். குழந்தை இருந்த இடத்தில் ஒரு சிறு மேகம் இருக்கும். அக்குழந்தையின் கண்ணும் சிரிப்பும் விழுகிற கைபேசி எதுவோ, அதுவே வீட்டுக்கு ஏற்ற கைபேசி. மாடிப்படியில் இறங்கிக் கொண்டே சலனப் படம் எடுத்துப் பார்ப்பதும் நல்ல பரீட்சை.

குளக்கரையிலிருந்து வீடு திரும்பியதும் நமது மருமாள் தன் தீர்ப்பைக் கூறினாள். "இரவைப் பகலாக்கிய கைபேசிதான் எனக்கு வேண்டும். இதில் நான் சிவப்பாக இருக்கிறேன், மாமா!" என்றாள். உண்மைதான். அவள் மாநிறம், படத்தில் இருந்தவளோ சந்தனத்தில் செய்த பொம்மை. மூக்கின் மேல் இருந்த மச்சத்தையும் காணோம்.

நிறத்தைப் பற்றிய இந்த ஓரவஞ்சனை கைபேசியோடு பிறந்ததன்று. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், வர்ணப் படங்களை அச்சிடும் கூடங்களுக்குக் கோடக் கம்பெனியார் மாதிரி அட்டை ஒன்றை அனுப்பி வந்தார்கள். அதிலிருந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவளுடைய சருமம் சரியாக வந்தால், நிறமெல்லாம் சரி என்பது கணக்கு. "ஷெர்லி அட்டை" என்று அதற்குப் பெயரே ஏற்பட்டுவிட்டது. கறுத்த முகங்களின் சாயல் தேய்ந்து போனதைப் பற்றி வெகுகாலம் யாரும் கவலைப்படவில்லை. பிலிமில் பழுப்பு நிறங்களைத் திருத்தும் முயற்சிக்கு, சாக்லேட் வியாபாரிகளும் மரச்சாமான் வியாபாரிகளும் செய்த புகார் ஒரு தூண்டுதலாக இருந்ததென்று லோர்னா ராத் என்னும் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் எழுதியிருக்கிறார். மனிதர்களின் முகத்துக்குக் கிடைக்காத நியாயம் மேஜை நாற்காலிகளுக்குக் கிடைத்தது! 2021-ல் கூகிள் கம்பெனியார், பல நிறத்து மக்களின் சருமமும் உள்ளபடி விழ வேண்டுமென்று தங்கள் காமிராவைத் திருத்தியதாக அறிவித்தது இந்த நெடிய கதையின் அண்மை அத்தியாயம்.

"பழைய ஸ்டூடியோக்களிலும் டச்சப் செய்தார்களே!" என்று நேயர்கள் கேட்கலாம். செய்தார்கள். கூர்மையாகச் சீவிய பென்ஸிலால் நெகடிவின் மேல் மெல்லத் தீட்டி, சுருக்கத்தையும் தழும்பையும் மறைத்தார்கள். ஆனால், "அந்த மச்சம் இருக்கட்டும், ஐயா!" என்று அந்த மனிதரிடம் சொல்லலாம், அவரும் விட்டுவிடுவார். இன்றோ பல கைபேசிகளில் அந்த வேலை நம்மைக் கேளாமலே நடக்கிறது. 2023-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒருவர் சந்திரனின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, கம்ப்யூட்டர் திரையில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டுச் சாம்சங் கைபேசியினால் படம் எடுத்தார். மங்கலான அந்தச் சந்திரனில் இல்லாத குழிகளெல்லாம் படத்தில் பளிச்சென்று விழுந்தன! சந்திரனைக் கண்டால் அடையாளம் அறிந்து விவரங்களைக் கூட்டும் ஏற்பாடு தங்கள் கைபேசியில் உண்டென்றும், வேண்டாதவர் அதை நிறுத்தி வைக்கலாமென்றும் கம்பெனியார் விளக்கம் கூறினார்கள்.

சந்திரன் விஷயத்தில் நமக்குப் பெரிய வருத்தமில்லை. அடுத்த பௌர்ணமிக்கு மறுபடியும் வருவான். வேண்டுமானால் மறுபடியும் எடுத்துக் கொள்ளலாம். மனிதர்கள் அப்படி வருவதில்லை.

நமது அத்தை ஒருவர் எண்பத்து நான்காவது வயதில் காலமானார். சிறு பிராயத்தில் பெரியம்மை கண்டு பிழைத்தவர். நம் தேசத்தில் அந்நோய் கடைசியாகத் தோன்றியது 1975-ல். இன்றைய இளைஞர்கள் அதன் தழும்பைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அத்தையின் இரு கன்னங்களிலும் அது இருந்தது. அவர் சிரிக்கும்போது அந்தக் குழிகளெல்லாம் சேர்ந்து சிரிப்பது போலிருக்கும். பதின்மூன்றாம் நாளுக்குள் ஒரு படம் பெரிதாக்கி மாட்ட வேண்டுமென்று குழந்தைகள் தங்கள் கைபேசிகளில் தேடினார்கள். நூற்றுக்கணக்கான படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் கன்னங்கள் வழவழவென்று இருந்தன. கண்ணுக்குக் கீழே சுருக்கமில்லை; தழும்பு ஒன்றுகூட இல்லை. புடைவையின் சரிகை இழையிழையாகத் தெரிந்தது. முகந்தான் வேறு யாருடையதோ போல் இருந்தது. அத்தையின் தங்கை அவற்றைப் பார்த்துவிட்டு, "இது யார்?" என்று கேட்டார்.

கடைசியில், பழுதாகி அலமாரியில் கிடந்த ஒரு பழைய கைபேசியிலிருந்து படம் கிடைத்தது. 20 லட்சம் புள்ளிதான். சமையலறை வாசலில் முறத்துடன் உட்கார்ந்து யாரையோ பார்த்துச் சிரிக்கும் அத்தை. ஓரங்கள் மங்கல், நிறமும் சற்று மட்டு. தபால் கார்டு அளவுக்கு மேல் பெரிதாக்கினால் கலைந்துவிடும் என்று அச்சிடுபவர் கூறினார். தபால் கார்டு அளவிலேயே அச்சிட்டு மாட்டினோம். அதைக் கண்டதும் அந்தத் தங்கை ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக் கொண்டார்.

படத்தைத் திருத்தவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. கோணலாக விழுந்ததை நிமிர்த்துங்கள்; இருண்டதற்குச் சற்று வெளிச்சம் கொடுங்கள்; ஓரத்தில் நிற்கும் குப்பைத் தொட்டியை வெட்டி எறியுங்கள். ஆனால் மூலப் படத்தை அழிக்காமல், நகல் மீது திருத்துங்கள். முகத்தைத் திருத்துவதென்றால், முகத்துக்கு உரியவரைக் கேட்டுச் செய்யுங்கள். காமிராவின் ஏற்பாடுகளில் "அழகு" என்றோ "மெருகு" என்றோ ஒரு பகுதி இருக்கும்; அதைத் தேடிச் சூன்யத்தில் வையுங்கள். 2020-ல் கூகிள் கம்பெனியாரே தங்கள் கைபேசிகளில் முகத்துக்கு மெருகிடுவதைத் தாமாக நடக்காதபடி நிறுத்துவதாக அறிவித்தார்கள். கம்பெனியாருக்கே தோன்றிய யோசனை நமக்கும் தோன்றலாம் அல்லவா?

நமது மருமாள் அத்தையின் அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தாள். பிறகு அவள் வாங்கியது இரண்டாவது கைபேசி. கோபுரத்துப் பொம்மைகளைச் சற்றே குழைப்பதுதான். ஆனால் மச்சத்தைத் தொடாது.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டிலுள்ள மூத்தவரை ஜன்னலோரமாக உட்கார வைத்து, மெருகையெல்லாம் நிறுத்திவிட்டு, அவர் பேசிக் கொண்டிருக்கையில் ஒரு படம் எடுங்கள். எடுத்ததைக் கைபேசியிலேயே புதைத்து வைக்காமல் அச்சிட்டு, அவர் கையில் கொடுத்து, "இது நீங்கள்தானா?" என்று கேளுங்கள். அவர் "ஆமாம்" என்றால், உங்கள் காமிரா நல்ல காமிராதான்.