அளவுச் சட்டையும் ஸஜ்தாவும்

ரமளான் பாதியைக் கடந்துவிட்டால் எங்கள் ஊர்த் தையற்காரர்கள் புதிய துணி வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே, பெருநாள் சட்டையை இணையத்தில் அளவு கொடுத்துத் தைக்கும் வழக்கம் நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. வசதியான ஏற்பாடுதான். எனினும், தைப்பவர் நம்மைப் பார்த்ததில்லை. நாம் அனுப்பும் எண்களை மட்டுமே அறிவார்.

அங்கே கேட்கப்படும் 'உயரம்' நிமிர்ந்து நிற்பவருக்கு உரியது. நாமோ நாள்தோறும் ஐந்து வேளை ருகூஉ, ஸஜ்தா செய்பவர்கள். நிற்கையில் சரியாகத் தோன்றும் சட்டை ஸஜ்தாவில் மேலேறிவிடும். கைலி கட்டும் பெரியவர்களுக்கு இக்கவலை இல்லை. தாழ்வான ஜீன்ஸ் அணியும் இளைஞர்களுக்கு உண்டு. ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகள் இரண்டிலும் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதி ஆணின் அவ்ரத். பின்புறமும் அதில் அடங்கும். இதை மத்ரஸாவில் சொன்னால் பெரிய பையன்கள் சிரிக்கிறார்கள். தொழுகையின் நடுவே சட்டையைப் பின்னால் இழுத்துவிட்டுக்கொள்பவர்களும் அவர்களே.

சென்ற பெருநாளுக்கு என் அண்ணன் மகனுக்கு நான்தான் அளவெடுத்தேன். நன்றாகப் பொருந்தும் பழைய சட்டை ஒன்றையே அளவுச் சட்டையாகக் கொண்டோம். பொத்தானிட்டுத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்தால் 22 அங்குலம், சுற்றளவு 44. அவனுடைய மார்பளவோ 40. இடையிலுள்ள 4 அங்குலமே தையற்காரர் சொல்லும் 'லூஸ்'. கேட்கப்படுவது உடலின் அளவா, சட்டையின் அளவா என்பதைக் கவனமாகப் படிக்க வேண்டும். உடல் அளவைச் சட்டை அளவாகக் கொடுத்தால் பொத்தான் போடுவதே சிரமம்.

பிறகு அச்சட்டையுடன் அவனை ஸஜ்தா செய்யச் சொன்னேன். பின்பக்கம் இரண்டரை அங்குலம் போதவில்லை. பருத்தி துவைத்தால் சுருங்கும். 30 அங்குல உயரத்தில் 3 சதவீதம் சுருங்கினாலே ஏறத்தாழ ஓர் அங்குலம் போய்விடும். அதையும் சேர்த்துக்கொண்டோம். உளூவுக்கு முழங்கைக்கு மேல் மடிக்க வேண்டுமே என்று கையின் சுற்றளவையும் சற்றுத் தளர்த்தினோம்.

அவனுக்கு மனமில்லை. "தாதா சட்டை மாதிரி இருக்கும், சாச்சா" என்றான். வாலிபனின் ஆசையும் நியாயமானதே. அழகாக உடுத்துவதை மார்க்கம் தடுக்கவில்லை. முன்பக்கத்தை அவன் விரும்பிய உயரத்திலேயே விட்டு, பின்பக்கத்தை மட்டும் மூன்றரை அங்குலம் இறக்கி வளைவாக வெட்டுமாறு குறிப்பெழுதி அனுப்பினோம்.