தீய்ந்த வாடை
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

“தம்பி, ஏதோ தீயற வாடை வரல?” என்று அப்பா கேட்டார்.

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடம் ஒன்றிலிருந்து கருங்கல் தூண்களை ஏற்றிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மறைமலைநகருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஊரார் ‘குட்டி யானை’ என்று சொல்லும் சிறிய சரக்கு வண்டி அது. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதும், எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருவன் கல்லூரிப் படியை மிதித்ததும் அதன் நான்கு சக்கரங்களால்தான்.

அந்த வாடை ஒரு வாரமாகவே வந்துகொண்டிருந்தது. பட்டறை ஒன்றில் காட்டியபோது, “கிளட்ச் போய்விட்டது, மாற்ற 12,000 ரூபாய் ஆகும்” என்றார்கள். வண்டித் தவணைக்கென்று அம்மா சேர்த்து வைத்திருந்ததே அவ்வளவுதான். அப்பாவோ, “இது கிளட்ச் வாடை இல்ல” என்று ஒரே பிடியாக நின்றார். “வேலை தெரிந்தவர் சொல்கிறார், ஐந்தாவது படித்த உங்களுக்கு என்ன தெரியும்?” என்று கேட்டுவிட்டேன். அப்பா பதில் பேசவில்லை.

இன்னொன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாண்டில் ஒரு நாள், நான் மறந்துவிட்டு வந்த பதிவேட்டைக் கொடுக்க அப்பா கல்லூரி வாசலுக்கு வந்தார். சட்டையெல்லாம் டீசல் வாடை. “யாருடா அது?” என்றான் நண்பன். “தெரிந்தவர், லோடு வண்டி ஓட்டுகிறார்” என்றேன். அது அப்பாவின் காதில் விழுந்ததோ இல்லையோ, நான் அறியேன். அதன்பின் அவர் என்னைச் செங்கற்பட்டுப் பேருந்து நிலையத்தோடு இறக்கிவிடுவார், வாசலுக்கு வருவதில்லை.

அன்று மாலை அப்பா வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தினார். ஒவ்வொரு சக்கரத்தருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார். “பிரேக் பிடிச்சிருந்தா ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கும். இல்ல. கிளட்ச்னா கருகின காகிதம் மாதிரி வாடை வரும். மேடு ஏறும்போதுதான் வரும். ஒயர்னா பிளாஸ்டிக் உருகுற நாத்தம். ரேடியேட்டர் தண்ணின்னா கொஞ்சம் இனிப்பா இருக்கும். இது ஓடும்போது குறையுது, நிக்கும்போது கூடுது. அப்போ எஞ்சின் மேல எதுவோ சொட்டி எரியுது.”

நான் திகைத்து நின்றேன். எங்கள் ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்யும்போது பேராசிரியர் கற்பிப்பதும் இதைத்தானே! அழுகிய முட்டை நாற்றம் என்றால் சல்பைடு. வினிகர் வாடை என்றால் அசிட்டேட். ஒவ்வொன்றாக ‘இல்லை’ என்று விலக்கி, எஞ்சுவதைச் சோதித்து உறுதி செய்ய வேண்டும். நான் கையேட்டைப் பார்த்துச் செய்வதை, அப்பா கையேடு இல்லாமலே செய்துகொண்டிருந்தார்.

எஞ்சின் ஆறியதும் இருக்கையைத் தூக்கினோம். நான் கைப்பேசி விளக்கைப் பிடித்தேன். டேப்பட் கவரின் ஓரமெல்லாம் எண்ணெய்க் கசிவு. அப்பா துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, “இப்போ ஓட்டிப் பாக்கலாம்” என்றார். பத்து நிமிடத்தில் துடைத்த இடத்திலே புதிதாக ஒரு கறுப்புக் கோடு! அங்கிருந்து சொட்டு சொட்டாக, புகை வெளியேறும் சூடான மேனிஃபோல்டின் மேல் எண்ணெய் விழுந்துகொண்டிருந்தது. எஞ்சின் எண்ணெயின் தீப்பற்று நிலை ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் என்று படித்திருக்கிறேன். சுமையேற்றி ஓடும் வண்டியில் அந்த இரும்பின் சூடு அதையும் தாண்டக்கூடும். விட்டிருந்தால் வாடையோடு போயிருக்குமா? எனக்கு உடல் நடுங்கியது.

எண்ணெய் அளவைப் பார்த்து, கொஞ்சம் ஊற்றி, வழியில் இரண்டுமுறை நிறுத்தித் துடைத்து, மெதுவாக ஊர் சேர்ந்தோம்.

தமிழுக்காக வேதாசலம் என்ற தம் பெயரையே மாற்றிக்கொண்ட மறைமலையடிகளின் (1876–1950) பெயர் தாங்கியது எங்கள் ஊர். ஃபோர்டு ஆலையில் 2022-இல் கார் உற்பத்தி நின்ற பிறகும், ஜி.எஸ்.டி. சாலையோரக் கடைகளில் உதிரிப்பாகங்களுக்குக் குறைவில்லை. மறுநாள் காலை அங்கே சில நூறு ரூபாய்க்குப் புது பேக்கிங் வாங்கினோம். பழையது சூட்டில் இறுகி, அப்பளம்போல் உடைந்தது. போல்ட்டுகளை நான் பலங்கொண்ட மட்டும் முறுக்கப் போனேன். “வேணாம் தம்பி. எதிரும் புதிருமா, கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும். ஒரே பக்கம் இறுக்கினா பேக்கிங் நசுங்கி மறுபடி ஒழுகும்” என்றார்.

வண்டியைக் கிளப்பினோம். மறுபடியும் அதே வாடை! என் முகம் வாடியது. அப்பா சிரித்தார். “ஏற்கெனவே சிந்தின எண்ணெய் எரிஞ்சு தீரணும்ல?” பரனூர் சுங்கச்சாவடியில் வரிசையில் நின்றபோது மூச்சை இழுத்துப் பார்த்தேன். வாடை இல்லை.

செங்கற்பட்டுப் பேருந்து நிலையம் வந்தது. அப்பா வழக்கம்போல் வேகத்தைக் குறைத்தார். “வாசல் வரைக்கும் போங்கப்பா” என்றேன். ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

வாசலில் அதே நண்பன் நின்றிருந்தான். “இவர் எங்க அப்பா” என்றேன்.

“தெரியும்டா. அன்றைக்கே முகஜாடையில் தெரிந்தது” என்றான் அவன்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். நாம் படிப்பதற்கு முன்பே நம் வீடுகளில் அறிவு இருந்தது. அதற்குச் சான்றிதழ்தான் இல்லை. பட்டம் வாங்கும் நாளில் அப்பாவும் வருவார். அந்த டீசல் வாடையோடே வரட்டும்!