வான் பெர்சி போன வருஷம்

இங்கிலாந்தில் மணிக்கூட்டை மாற்றும் நாள் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் அங்கே பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கும் உதைபந்தாட்டம் களுபோவிலயில் இரவு ஏழரை. அதற்குப் பிறகு மார்ச் கடைசி மட்டும் எட்டரை. ஏழரை என்றால் அம்மாவின் நாடகத்தோடு சண்டை. எட்டரை என்றால் சோற்றுக் கோப்பையோடு ரிவிக்கு முன்னால் நிம்மதியாக இருக்கலாம்.

இந்தக் கணக்கைச் சொல்லித் தந்தவர் மாமா. நேரம் என்றாலே அவருக்கு ஒரு பழைய கோபம். 1996இல் மின்சாரம் போதாது என்று அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. சில மாதத்தில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் நேரம் பழைய இடத்துக்கு வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி இதில் எதையும் ஏற்கவில்லை. சமாதான காலத்தில் ஓமந்தையைத் தாண்டுகிறவர்கள் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் திருப்ப வேண்டும். மாமா கொழும்புக்கு வந்து கனகாலமாகியும் திருப்பவில்லை. ஆட்டம் பாதி போன பிறகு அறையிலிருந்து வந்து, "இப்பதானே துடங்கியிருப்பாங்கள்" என்பார்.

அவர் ஆர்சனல். அதனால் நானும் ஆர்சனல். வீட்டில் சமயம் வந்த மாதிரிதான் இதுவும் வந்தது.

2011 ஓகஸ்ட் 28, ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரைக்கு மான்செஸ்டர் யுனைட்டட்டோடு ஆட்டம். ஃபாப்ரிகாஸ் பார்சலோனாவுக்குப் போய் இரண்டு கிழமை. நஸ்ரி மான்செஸ்டர் சிட்டிக்குப் போய் நாலு நாள். மிச்சமிருந்தவர்களில் பாதிப்பேருக்குக் காயம். ரூனி மூன்று போட்டார், யங் இரண்டு போட்டார், பிறகு யார் போடுகிறார்கள் என்று பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். எட்டுக்கு இரண்டு. 1896க்குப் பிறகு ஆர்சனல் அப்படித் தோற்றதில்லை என்று வர்ணனையாளர் சொன்னார். எங்கள் ஒழுங்கையில் யுனைட்டட் சட்டை போட்ட முஸ்லிம் பெடியள் இருந்தார்கள். மற்ற நாளில் கேற்றில் தட்டிப் பகிடி விடுகிறவர்கள், அன்றைக்கு வரவேயில்லை. அதுதான் கூடக் குத்தியது.

மாமா மட்டும் பதறவில்லை. அவருக்கு இளவாலை. அங்கே கிறிக்கெட்டுக்கு முன்னால் பந்துதான். 1989 மே மாதம், இந்திய இராணுவம் ஊரில் நின்ற காலம், காலையில் பிபிசி உலக சேவையின் ஆங்கிலச் செய்தியில் கேட்டாராம். லிவர்பூலின் சொந்த மைதானத்தில் ஆர்சனல் இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் கிண்ணம் என்ற நிலையில், கடைசி நிமிஷத்தில் மைக்கேல் தோமஸ் இரண்டாவதைப் போட்டார். அந்த ஆளின் முகத்தை மாமா பல வருஷம் கண்டதில்லை. அடுத்த வருஷம் சண்டை மறுபடி தொடங்கி, மின்சாரம் போய், பொருளாதாரத் தடையில் பற்றரியும் போனது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். சுற்றுகிறவனுக்குக் கை அலுத்தால் வர்ணனையாளரின் குரலும் இறங்கும். எங்கள் கழகம் கோல் போடப் போகிற நேரம் பார்த்துத்தான் தன் தம்பிக்குக் கை அலுக்கும் என்று மாமா இன்றைக்கும் குறைப்படுகிறார்.

1995 இடப்பெயர்வில் வன்னிக்குப் போய், சமாதானம் வந்த பிறகு கொழும்புக்கு வந்து, ரிவியில் அவர் முழுதாகப் பார்த்த முதல் பருவம் 2003-04. முப்பத்தெட்டு ஆட்டம். இருபத்தாறு வெற்றி, பன்னிரண்டு சமநிலை, தோல்வியே இல்லை. தியரி ஹென்றி மட்டும் முப்பது கோல். மாமா படித்தது இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரி. "எங்கட பள்ளிக்கூடப் பேரை வைச்சிருக்கிறான், எப்பிடித் தோப்பான்?" என்பார். முதற்கோணல் முற்றும் கோணல் என்பதற்கு எதிர்மாறான கேடு ஒன்றும் இருக்கிறது. முதல் பருவமே அப்படி அமைந்தால் பிறகு வருகிற எதுவும் கண்ணுக்குப் பிடிக்காது.

2006 மே 17 இரவு பன்னிரண்டேகாலுக்குப் பாரிஸில் சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம், பார்சலோனாவோடு. கொழும்பில் ஏப்ரலில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடந்திருந்தது. சோதனைகள் மறுபடி தொடங்கியிருந்தன. நடுச்சாமத்தில் தமிழ் வீட்டிலிருந்து ஆரவாரம் கேட்டால் என்ன நடக்கும் என்று அம்மா ஜன்னல்களைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்து, விளக்கையும் அணைத்துவிட்டார். பதினெட்டாவது நிமிஷத்தில் கோல்காப்பாளர் லேமன் வெளியேற்றப்பட்டார். பத்துப் பேரோடு விளையாடி, முப்பத்தேழாவது நிமிஷத்தில் சோல் கெம்பல் தலையால் போட்டார். மாமா தலையணையைக் கடித்துக்கொண்டு குதித்தார். கடைசிக் கால் மணித்தியாலத்தில் பார்சலோனா இரண்டு போட்டு வென்றபோது தலையணைக்கு வேலை இருக்கவில்லை.

அடுத்த வருஷம் யூன் 7 விடியற்காலை, வெள்ளவத்தை லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களையும் சேர்த்து முந்நூற்றுக்கு மேற்பட்டவர்களை எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. எங்கள் மேல்மாடி அறை எப்போதும் வாடகைக்கு விடுவதுதான். வெளிநாடு போக விசாவுக்குக் காத்திருப்பவர்கள் வருவார்கள், வெள்ளவத்தையை விட இங்கே வாடகை கொஞ்சம் குறைவு. அப்போது அங்கே இருந்த குடும்பம் பொலிஸ் பதிவுத் துண்டை மேசையில் எடுத்து வைத்துக்கொண்டு உடுப்போடு படுத்தது. அந்த மாதக் கடைசியில்தான் ஹென்றியைப் பார்சலோனாவுக்கு விற்றார்கள். செய்தி வந்தது, போனது. வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஏன் விற்றுக்கொண்டே இருந்தார்கள் என்பதற்குப் பெரிய மர்மம் இல்லை. 2006இல் அறுபதாயிரம் பேர் இருக்கக்கூடிய புது மைதானத்துக்கு மாறினார்கள். கடன். முகாமையாளர் வெங்கர் சின்னப் பெடியளை வாங்கி வளர்த்தார், வளர்ந்ததும் காசுள்ளவன் வந்து கொண்டுபோனான். "வீட்டைக் கட்டிப்போட்டு அடுப்பு மூட்டக் காசில்லாமல் நிக்கிறான்" என்று மாமா சொல்வார். வெங்கரைத் திட்டுகிறவர்களோடு நான் ஒருநாளும் சேர்ந்ததில்லை. அந்தக் கடனோடு வருஷா வருஷம் முதல் நாலு இடத்துக்குள் நின்றதே பெரிய வேலை. தோல்வியே காணாத பருவத்தைவிட எனக்கு அதுதான் பெரிது. மாமா இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

எட்டுக்கு இரண்டு வாங்கி மூன்றாம் நாள் ஓகஸ்ட் 31. லண்டனில் இரவு பதினொரு மணிக்கு ஆள் வாங்குவது முடிகிறது, எங்களுக்கு அதிகாலை மூன்றரை. ஹரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் இடைக்கிடை அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். ஜெர்மனியிலிருந்து மெர்ட்டசாக்கர். துருக்கியிலிருந்து அந்த்ரே சந்தோஸ். செல்சியிலிருந்து இரவலாக பெனயூன். எவர்ட்டனிலிருந்து ஆர்ட்டேட்டா. கடைக்குப் பூட்டுப் போடுகிற நேரத்தில் ஓடிப்போய்க் கைக்கு அகப்பட்டதை வாங்கிய மாதிரிதான் எங்களுக்குப் பட்டது. "ஆர்ட்டேட்டாவுக்கு வயசு போயிட்டுது" என்றார் மாமா. அவனுக்கு இருபத்தொன்பது.

பிறகு வான் பெர்சி தனியாளாக அந்தப் பருவத்தைத் தோளில் தூக்கினார். ஒக்டோபரில் செல்சியின் இடத்தில் ஐந்துக்கு மூன்று, அதில் அவர் மூன்று. ஜனவரியில் லீக்கில் வரிசையாக மூன்று தோல்வி. அதே ஜனவரியில்தான் ஹென்றி அமெரிக்காவிலிருந்து இரண்டு மாத இரவலில் வந்தார். லீட்ஸோடு கிண்ண ஆட்டம், எங்களுக்கு அதிகாலை ஒன்றேகால். மாற்றாளாக இறங்கிப் பத்து நிமிஷத்தில், பழைய ஹென்றி போடுகிற அதே இடப்பக்கக் கோணத்திலிருந்து போட்டார். முப்பத்து நாலு வயது. யுத்தம் முடிந்து இரண்டரை வருஷம், இப்போது கத்தலாம். மாமா கத்தினார். மேல்மாடியில் அப்போது இருந்தவன் லண்டனுக்குப் படிப்பு விசா கிடைத்து அந்தக் கிழமைதான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். என்னவோ ஏதோ என்று ஓடிவந்தான்.

"போனவன் வந்திட்டான்" என்றார் மாமா.

"எத்தினை நாளைக்கு?"

"ரெண்டு மாசம்."

எங்கள் வீட்டிலிருந்து போனவர்களும் அப்படித்தான் வருகிறார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு ஓகஸ்டில் வந்து, கையில் தண்ணீர்ப் போத்தலோடு திரிந்து, கொழும்பில் இரண்டு நாள் நின்று, வெள்ளவத்தையில் சேலை வாங்கிக்கொண்டு போவார்கள். ஹென்றியாவது போகுமுன் சண்டர்லாந்தோடு கடைசி நிமிஷத்தில் ஒன்று போட்டு வெல்லவைத்துவிட்டுப் போனார்.

பெப்ரவரி 26, டொட்டன்ஹாமோடு ஆட்டம். கொட்டாஞ்சேனைச் சிநேகிதன் ஒருவன் இரண்டு பஸ் மாறி வந்தான். அவன் டொட்டன்ஹாம், கொழும்பில் அப்படி இன்னொருவரை நான் கண்டதில்லை. இரண்டு கோல் பின்னால் நின்று ஐந்துக்கு இரண்டு என்று வென்றோம். அம்மா அவனுக்கென்று இடியப்பமும் சொதியும் வைத்திருந்தார். "பஸ் போயிடும்" என்று சொல்லி, சாப்பிடாமல் போனான்.

மே 13, கடைசி நாள். வென்றால் மூன்றாம் இடம், இல்லாவிட்டால் அது டொட்டன்ஹாமுக்குப் போகும் ஆபத்து. உலகம் முழுக்க சிட்டியின் அகுவேரோவைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வெஸ்ட் பிரொம்விச்சைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றுக்கு இரண்டு. ஒரு புள்ளியில் தப்பினோம். அவர்களின் கோல்காப்பாளர் ஃபுலோப் பந்தைக் கைவிட்டதுதான் எங்களைக் காப்பாற்றியது. அந்த ஆளுக்கு ஊரில் சிலை வைக்க வேண்டும் என்று மாமா பல வருஷம் பகிடி விட்டார். 2015இல் ஃபுலோப் முப்பத்திரண்டு வயதில் புற்றுநோயால் இறந்தார். அதற்குப் பிறகு மாமா அந்தப் பகிடியை விடுவதில்லை.

லீக்கில் மட்டும் முப்பது கோல் போட்ட வான் பெர்சி யூலையில் ஒரு அறிக்கை விட்டார், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டாராம். ஓகஸ்டில் யுனைட்டட்டுக்கு இருபத்து நாலு மில்லியன் பவுணுக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் அவர் கோலால் அவர்களுக்குக் கிண்ணம். ஒழுங்கைப் பெடியள் இந்த முறை கேற்றில் தட்டினார்கள். ஹென்றி போனதை மன்னித்த மாமா வான் பெர்சியை மன்னிக்கவில்லை. கடல் கடந்து போவது வேறு, பக்கத்து வீட்டுக்குப் போவது வேறு என்பது அவர் கட்சி.

வயசு போனவன் என்று மாமா தள்ளிவைத்த ஆர்ட்டேட்டா 2019 டிசம்பரில் முகாமையாளராக வந்தார். 2023-24இல் எண்பத்தொன்பது புள்ளி எடுத்தும் சிட்டிக்கு இரண்டு புள்ளியால் பின்னால் நின்றோம். இப்போது கழகம் விற்பதில்லை, வாங்குகிறது. டெக்லன் ரைஸுக்கு மட்டும் நூறு மில்லியன் பவுணுக்கு மேலே. மாமாவுக்கு இதில் ருசி குறைந்துவிட்டது. களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகும் நாளில் அங்கே வேலை செய்கிற யுனைட்டட்காரர் ஒருவரோடு சிங்களத்தில் சண்டை பிடிப்பதோடு சரி.

2024இல்தான் மறுபடி உற்சாகமானார். வேல்ஸில் பிறந்த, இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை விமல் யோகநாதன் பார்ன்ஸ்லி கழகத்தின் முதல் அணிக்கு இறங்கியிருக்கிறான் என்று ஹரோவிலிருந்து செய்தி வந்தது. பார்ன்ஸ்லி மூன்றாம் பிரிவு. அந்த ஆட்டங்கள் இங்கே ரிவியில் வருவதில்லை. இப்போது வெள்ளவத்தையில் இருக்கும் எனக்கு மாமா சனிக்கிழமை தோறும் அடிப்பார், நான் ஃபோனில் பார்த்து முடிவைச் சொல்ல வேண்டும். பெடியன் இறங்கினானா, எத்தனையாவது நிமிஷத்தில் இறங்கினான், யாருக்குப் பதில் இறங்கினான், எல்லாம் வேண்டும்.

"நல்லாத்தான் விளையாடுறானாம், மாமா."

"அப்ப கவனம்" என்றார். "வித்துப்போடுவாங்கள்."